மீட்டரைச் சரிசெய்வதும் மீட்டரைக் குறைப்பதும்

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 77-ன் ஓரத்தில் கிலோமீட்டருக்கு ஒரு கல் வரும். ஐந்தாவது கல் சற்றுப் பெரியது. அடுத்த ஊர்களின் பெயரும் தூரமும் அதில் இருக்கும். வண்டியின் மீட்டர் பொய் சொல்கிறதா என்று பார்க்க இதைவிட மலிவான சோதனைக்கூடம் கிடையாது. கல் பெயர்க்கப்படாத ஒரு பகுதியில் பத்து கிலோமீட்டர் போனால் மீட்டரும் பத்து ஏற வேண்டும். ஒன்பதரைதான் ஏறுகிறது என்றால் யாரோ பெரிய டயர் மாட்டியிருக்கிறார்கள். எண் நகரவே இல்லை என்றால் உள்ளே ஒரு பல்சக்கரம் போய்விட்டது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடைசி நிலை நன்றாகத் தெரியும். வேகமுள் 60, 80 என்று ஒழுங்காக ஏறி இறங்கும். அதன் கீழே உள்ள எண்கள் மட்டும் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். ஒரே டப்பாவுக்குள் இரண்டு வேறு கருவிகள் இருப்பதுதான் காரணம். கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தம் தன் மேலிருக்கும் அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் தடுத்துப் பிடிக்கிறது. இந்த இழுபறியில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து ஓட்டோ ஷூல்ட்ஸ 1902-ல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. தொடாமல் நடக்கிற வேலை என்பதால் தேய்மானம் குறைவு. எண்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கேபிளின் நூற்றுக்கணக்கான சுற்றுகளைப் பல்லுக்குப் பல் குறைத்துக்கொண்டே வந்துதான் கடைசி எண்ணை ஒரு படி நகர்த்த முடியும். ஆகவே முள் ஆடி எண் நின்றால் கோளாறு மீட்டருக்குள் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து நின்றால் முதலில் கேபிளைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

சென்னைக்கும் இந்த வகை மீட்டருக்கும் பழைய சம்பந்தம் உண்டு. வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி 1962-ல் டிரயம்ஃப் கொண்டுவந்ததுதான் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொட்டி. அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகளில் ஸ்மித்ஸ் நிறுவனத்து மீட்டர்தான் அதிகம். அதன் முகப்பில் பொடியாக ஓர் எண் அச்சிட்டிருக்கும்: ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடிப்பிடித்து வேறு வண்டியின் மீட்டரை வாங்கி மாட்டுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. வட்டமும் துளையும் பொருந்தினால் போதும் என்று முடித்துவிடுகிறார்கள். பிறகு வேகமும் தப்பு, தூரமும் தப்பு. போதாக்குறைக்கு, முகம் தெரியாத இன்னொரு வண்டியின் வயதும் சேர்ந்து வந்துவிடுகிறது.

இருக்கிற மீட்டரையே பழுது பார்ப்பதுதான் சரியான வழி. கேபிளைக் கழற்றி, மீட்டரை டேஷ்போர்டிலிருந்து எடுத்து, கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தின் மடிப்பைச் சுற்றிச் சுற்றி மெல்ல நிமிர்த்த வேண்டும். முள்ளைப் பிடுங்குவதற்கு முன் அது நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டால் சுருள்வில் போய்விடும். ஜெர்மானிய வி.டி.ஓ. மீட்டர் பொருத்திய போர்ஷே 944 போன்ற எண்பதுகளின் வண்டிகளில் பிளாஸ்டிக் பல்சக்கரம்தான் முதல் குற்றவாளி. வயதாக ஆக அது நொறுங்கிப் பொடியாகிறது. வேறு சிலவற்றில் பல்லெல்லாம் நன்றாக இருக்கும், ஆனால் சக்கரம் தண்டின் மேல் பிடிப்பில்லாமல் வழுக்கும். தண்டில் லேசாகக் கீறல் போட்டுச் சொரசொரப்பாக்கி மறுபடி இறுக்கினால் அது இன்னும் பல வருடம் ஓடும். வண்டி ஓடும்போதே டிரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பிப் பல்லை உடைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. நின்ற பிறகு திருப்பினால் போதும், யாரும் கேட்பதில்லை.

இது வரைக்கும் கைவேலை. சிக்கல் இதற்குப் பிறகுதான்.

திறந்த மீட்டர் மேசை மேல் கிடக்கிறது. எண் சக்கரங்கள் கையில் இருக்கின்றன. மூடுவதற்கு முன் எந்த எண்ணை வைப்பது? நின்றபோது இருந்த எண்ணா? நின்ற பிறகு வண்டி ஓடிய தூரத்தை உத்தேசமாகக் கூட்டியா? அல்லது உரிமையாளர் கண்ணைக் காட்டுகிற எண்ணையா? பழுது நீக்கத் தெரிந்த விரல்களுக்கே குறைக்கவும் தெரியும். சரிபார்க்க டிரில் மெஷினைக் கேபிளில் மாட்டி ஓட்டுவார்கள். சில மீட்டர்களில் அதையே தலைகீழாகச் சுழற்றினால் வண்டி இளமையாகிவிடும். எல்லா மீட்டரும் இதற்கு மசியாது. 1986-ல் வந்த ‘ஃபெர்ரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்’ என்ற ஹாலிவுட் படத்தில், அப்பாவின் ஃபெராரியைத் திருட்டுத்தனமாக ஓட்டிய பிள்ளைகள் வண்டியை ஜாக்கியில் ஏற்றி ரிவர்ஸ் கியரில் ஓடவிட்டு மைலைக் குறைக்கப் பார்ப்பார்கள். ஒரு மைல்கூடக் குறையாது. கார் மட்டும் பள்ளத்தில் போய் விழும்.

நேர்மையாக மீட்டர் பழுது பார்ப்பவருக்கும் எண்ணைக் குறைத்துக் கொடுப்பவருக்கும் நடுவே நம் சட்டம் கோடு போடவே இல்லை என்பதுதான் இங்கே வைக்க வேண்டிய புகார். இந்தியாவில் ஓடிய தூரத்தைக் காட்டும் இந்த மீட்டருக்கென்று, அதாவது ஓடோமீட்டருக்கென்று, தனிச் சட்டம் கிடையாது. ஏமாந்தவர் மோசடி என்று பாரதிய நியாய சன்ஹிதாவின்கீழ் காவல் நிலையத்துக்கோ, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் ஆணையத்துக்கோ போகலாம். ஆனால் பழைய எண் என்னவென்று எதைக் காட்டி நிரூபிப்பார்? உரிமை மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் சேசிஸ் எண் உண்டு, எஞ்சின் எண் உண்டு. வண்டி ஓடிய தூரத்துக்கு ஒரு கட்டம் இல்லை.

அமெரிக்கா இதே கேள்விக்கு 1972-லேயே பதில் எழுதிவிட்டது. அங்கே மீட்டரைப் பழுது பார்க்கலாம், மாற்றலாம். எண் மட்டும் மாறக் கூடாது. பழைய எண்ணையே வைக்க வழியில்லை என்றால் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, பழுது பார்த்த தேதியையும் அதற்கு முந்தைய எண்ணையும் எழுதி வண்டியின் இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். ஏமாற்றும் நோக்கத்தோடு அந்தத் தாளைக் கிழித்தால் அது குற்றம். எளிமையான ஏற்பாடு. மெக்கானிக்குக்கு அதைவிட நல்ல பாதுகாப்பும் இல்லை, ஏனென்றால் தான் செய்தது பழுது நீக்கம்தான் என்று அந்தத் தாளே பேசும்.

எண்ணைக் காலாகாலத்தில் எழுதி வைக்கிற நாடுகளும் இருக்கின்றன. பெல்ஜியத்தில் 2006 முதல் ‘கார்-பாஸ்’ என்ற சான்று இல்லாமல் பழைய காரை விற்க முடியாது. வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போதெல்லாம் மீட்டர் எண் பதிவாகிறது. பிரிட்டனில் வருடாந்திரத் தகுதிச் சோதனையில் பதியும் மைல் கணக்கை இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். ஜப்பானிலிருந்து பழைய வண்டி வாங்கும் இலங்கைக்காரர்கள் ஏலத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் அதிலுள்ள ஓடிய தூரத்துக்காகத்தான்.

நம் நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மத்திய விதிகள், பதிவு பெற்ற பழைய வண்டி வியாபாரி தன்னிடம் நிற்கும் வண்டியின் ஒவ்வொரு பயணத்தையும் கிலோமீட்டரோடு மின்னணுப் பதிவேட்டில் எழுதச் சொல்கின்றன. நல்லதுதான். ஆனால் மீட்டரில் கைவைப்பது பெரும்பாலும் வண்டி வியாபாரியிடம் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தொண்டூரிலிருந்து செஞ்சிக்கு வந்து செகண்ட் ஹேண்ட் பைக் வாங்குகிறவர் பல நேரம் வியாபாரியிடமே போவதில்லை. தெரிந்தவருக்குத் தெரிந்தவரிடம் வாங்குகிறார்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பணக்காரர் பொழுதுபோக்கு, அதற்காகவா சட்டம் என்று கேட்கலாம். அந்த காரில் போகும் அதே பல்சக்கரம்தான் இருபது வருட மோட்டார் சைக்கிளிலும் போகிறது. புது வண்டிகளில் சக்கரத்துக்குப் பதில் சிப் வந்துவிட்டது. கோவையில் 1975 முதல் மீட்டர் செய்துவரும் பிரிக்கால் போன்ற நிறுவனங்களே இன்று திரையும் மென்பொருளுமாக மாறிவிட்டன. குறைப்பவர்களும் டிரில் மெஷினை வைத்துவிட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டார்கள். 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., ஓடிய தூரத்தைப் பொறுத்துப் பிரீமியம் கட்டும் காப்பீட்டை அனுமதித்த பிறகு இந்த எண்ணுக்கு இன்னொரு விலையும் வந்திருக்கிறது.

குறைந்த எண்தான் பெருமை என்று யார் சொன்னது? நியூயார்க்கின் லாங் ஐலண்டைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் இர்வ் கார்டன் 1966-ல் வாங்கிய வோல்வோ பி1800 ஸ்போர்ட்ஸ் காரை 2013-ல் 30 லட்சம் மைலைத் தாண்டி ஓட்டினார். கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற அந்த வண்டியின் மதிப்பே அது ஓடிய தூரம்தான்.

மீட்டர் எண்ணைப் பதிந்து வைக்கப் புது அலுவலகம் எதுவும் தேவையில்லை. சொந்த வாகனத்தின் பதிவு 15 வருடத்தில் புதுப்பிக்கப்படுகிறது. பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் முன்னால் வண்டி நிற்கிறது. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த ‘வி.ஏ.’ வரிசைப் பதிவுக்கும் தனி விண்ணப்பம் உண்டு. இந்தக் காகிதங்களில் மீட்டர் எண்ணுக்கு ஒரு கட்டமும், “மீட்டர் பழுது பார்க்கப்பட்டதா, எந்தத் தேதியில், அப்போது இருந்த எண் என்ன” என்று ஒரு வரியும் சேர்க்கலாம். அது வரும்வரை வண்டிக்காரர் செய்யக்கூடியது, மீட்டரைத் திறப்பதற்கு முன்னும் மூடிய பின்னும் ஒரு படம் எடுத்து, மெக்கானிக்கிடம் இரண்டு எண்ணையும் எழுதிய பில் வாங்கி, ஆர்.சி. புத்தகத்தோடு வைப்பது. வாங்குகிறவர் அந்த பில்லைக் கேட்க வேண்டும்.