சிலோன் ஸ்டேஷன்

பனங்கட்டி வாங்கப் போன கடையில் கண் கலங்கி நின்றேன் என்றால் என் மனைவி நம்ப மாட்டாள். நானும் அவளிடம் சொல்லவில்லை. வாங்கச் சொன்ன சாமானில் பாதியை மறந்துவிட்டு வந்ததற்கு ட்ராம் மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்தில் இருக்கிறேன். இங்கே யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் அரிசி மூட்டை மேல் சாய்ந்து வழிவிட வேண்டும், அவ்வளவுதான் கடை. ஆனால் முருங்கைக்காய் கிடைக்கும், ஒடியல் மா கிடைக்கும், பனங்கட்டியும் கிடைக்கும். பனங்கட்டி குட்டானோடு வரும். ஓலையில் முடைந்த சின்னக் கூடைக்குள்ளேயே காய்ச்சி ஊற்றி இறுகவிட்டது. எங்கள் உடன்குடிப் பக்கம் அதைச் சிரட்டையில் ஊற்றி எடுத்துக் கருப்பட்டி என்போம். பெயரும் உருவமும் வேறு. மோந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், விடிலியில் பதநீர் காய்கிற அதே வாசம்.

போன சனிக்கிழமை குட்டானை மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றபோது கடைக்குள் அந்தப் பாட்டு வந்தது. ‘16 வயதினிலே’ படத்தில் எஸ். ஜானகி பாடி, அவருக்கு முதல் தேசிய விருது வாங்கிக் கொடுத்த பாட்டு. படம் வந்தது 1977-ல். எனக்கு அப்போது ஏழு வயது. அந்தப் பாட்டைக் காரிலும் போனிலும் கல்யாண மண்டபங்களிலும் நூறு தடவையாவது கேட்டிருப்பேன், ஒரு தடவையும் என்னை ஒன்றும் செய்ததில்லை. அன்று செய்துவிட்டது.

ஏன் என்பது பாட்டு முடிகிற இடத்தில் தெரிந்தது. கடைசி அடி ஓயும் முன்பே அறிவிப்பாளர் ஒருவரின் குரல் மேலே ஏறியது. யாரோ அந்தக் காலத்தில் ரேடியோவிலிருந்து கேசட்டில் பிடித்து வைத்திருந்ததை இப்போது போனுக்கு மாற்றியிருக்கிறார்கள். பாட்டுக்கு அடியில் முதலிலிருந்தே ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை. என் காது கவனித்திருக்கிறது.

எங்கள் வீட்டு ரேடியோ மர்ஃபி, வால்வு செட். திருகியதும் பாடாது. உள்ளே மஞ்சள் வெளிச்சம் வந்து, பெட்டி சூடேறி, லேசாகத் தூசி கருகுகிற வாசனை வந்த பிறகுதான் சத்தம் கிளம்பும். ரேடியோவுக்கு வருஷா வருஷம் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டிய காலம். கிணற்றடி வேம்புக்கும் மாடிச் சுவருக்கும் நடுவே தாமிரக் கம்பியில் ஏரியல் கட்டியிருந்தது. முள்ளைத் திருப்பினால் வழியில் என்னென்னவோ பாஷை வரும். நடுவில் மெல்லிசாக ஓர் இடம், மயிரிழை தப்பினாலும் போய்விடும். அதுதான் சிலோன் ஸ்டேஷன். கடல் தாண்டி வருவதால் எங்கள் கரையில் சென்னையைவிட அது தெளிவாகக் கேட்கும். தெளிவு என்றாலும் அலை மாதிரிதான். பாட்டு கிட்டே வரும், எட்டப் போகும், மறுபடி வரும்.

பாட்டு கேட்க இந்தியர்கள் சிலோனுக்குப் போனதற்கு நம் சர்க்கார்தான் காரணம். 1952-ல் தகவல் ஒலிபரப்பு மந்திரியான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. கொஞ்ச நாளில் ஆகாசவாணியில் அது அருகிப் போயிற்று. ஜனங்கள் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பிவிட்டார்கள். 1957-ல் விவித் பாரதி ஆரம்பித்த பிறகும் தென்கோடியில் பழக்கம் மாறவில்லை. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, நடு நடுவே கோபால் பல்பொடி விளம்பரம். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் பெயர்கள் சினிமா நட்சத்திரங்கள் பெயர் மாதிரி ஊரில் புழங்கின. அவர்கள் முகம் எப்படியிருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் ரேடியோ தாத்தாவுடையது. சின்ன வயசில் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பு போனவர். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் காலத்தில் அது சகஜம். புறக்கோட்டைக் கடை ஒன்றில் கணக்கெழுதி, பிறகு சொந்தமாகக் கடை போட்டு, அங்கே இருப்பது சிரமமானதும் கைமாற்றிவிட்டுத் திரும்பியவர். தாத்தாவுக்குப் பாட்டென்றால் உயிர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். எவ்வளவு நல்ல பாட்டானாலும் ஈஸிச்சேரில் கண்ணை மூடியே கிடப்பார். பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கத் தொடங்கினால் மட்டும் “ஏலே, சத்தத்தக் கூட்டுல” என்பார். இன்னார் மகன், இன்னாரின் பேத்தி என்று பெயர்கள் வரும், ஊரும் தெருவும் வரும். வெள்ளவத்தை என்றால் தலையாட்டுவார். கொட்டாஞ்சேனை என்று காதில் விழுந்தால் நிமிர்ந்து உட்காருவார். பாட்டெல்லாம் அவருக்கு இடைவேளை. சொந்த ஊரில், சொந்த வீட்டில், ஆச்சி போட்ட கருப்பட்டிக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே அந்த மனுஷன் வேறோர் ஊருக்கு ஏங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அது புரிய நாற்பது வருஷமும் ஓர் ஐரோப்பிய வேலையும் வேண்டியிருந்தன.

இந்த ஏக்கத்துக்கு முதன்முதலில் நோய் என்று பேர் வைத்ததும் நான் இருக்கிற இதே பாசலில்தான். 1688-ல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், பத்தொன்பது வயசுப் பையன், இங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வேட்டை வைத்தார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லைச் செய்தவர் அவர்தான். இன்றைக்கு அதைப் பழைய பாட்டுக் கச்சேரி விளம்பரத்தில் போடுகிறார்கள். அவருக்கோ அது ஆளைக் கொல்லக்கூடிய வியாதி. ஊருக்குத் திருப்பி அனுப்புவதே கைகண்ட மருந்து.

பாட்டும் சீக்கிரமே இந்த வியாதிக்குள் வந்துவிட்டது. பால் கறக்க மாடுகளைக் கூப்பிடுவதற்கு ஆல்ப்ஸ் மலை இடையர்களிடம் ஒரு மெட்டு உண்டு. அந்நிய ராஜாக்களுக்குக் கூலிப்படையாகப் போன சுவிஸ் சிப்பாய்கள் அதைக் கேட்டால் அழுவார்கள், படையை விட்டு ஓடுவார்கள், செத்தும் போவார்கள், ஆகவே படைக்குள் அதை வாசிப்பவனுக்கு மரண தண்டனை என்று ரூசோ 1768-ல் வந்த தம் இசை அகராதியில் எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் அவர் சொல்வதுதான். அந்த மெட்டு வெளியூர்க்காரனை ஒன்றும் செய்யாதாம். அது அங்கே இசையாக வேலை செய்வதில்லை, ஞாபகத்துக்கு ஓர் அடையாளமாகத்தான் வேலை செய்கிறது என்கிறார். மாட்டைக் கூப்பிடுகிற பாட்டு, பாவம், மனுஷனைக் கூப்பிட்டிருக்கிறது.

அதனால்தான் பழைய பாட்டைச் சுத்தம் செய்து, இரைச்சலைத் துடைத்து, புதுசாக இரண்டு டிரம்மும் சேர்த்து விற்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம். என் வீடே அந்த இரைச்சலுக்குள்தான் இருந்தது. அதைத் துடைத்துவிட்டு ஜானகியை மட்டும் கொடுக்கிறார்கள். ஜானகி எங்கே போய்விடப் போகிறார்?

கடைக்கார அண்ணன் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “உங்கட பக்கமும் சிலோன் ரேடியோ கேட்டதோ தம்பி?” என்றார். எங்களுக்கு வேறே ரேடியோவே கிடையாது என்றேன். சிரித்தார்.

“நாங்கள் கனக்கக் கேட்டது உங்கட திருச்சியைத்தான்” என்றார். “90-க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலை கரண்டும் இல்லை, பட்டரியும் விடமாட்டாங்கள். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையாலை சுத்தி, டைனமோவிலைதான் பாட்டுக் கேட்டனாங்கள். சுத்துற ஆள் களைச்சா பாட்டும் களைச்சுப் போம்.”

யார் சுற்றுவார் என்று கேட்டேன். தம்பிதான் என்றார். அந்தத் தம்பி இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டைப் பற்றிக் கேட்டேன். “வீடு இல்லை. வளவு கிடக்கு” என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலையை நிறுக்கப் போய்விட்டார்.

எனக்கு ஹோஃபரின் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. டிக்கெட் போட்டால் அடுத்த நாள் தூத்துக்குடி. கடைக்கார அண்ணனும் போய் வரலாம்தான், 2009-ல் போர் முடிந்த பிறகு எத்தனையோ பேர் போய் வருகிறார்கள். ஆனால் போய் எந்த வாசலில் செருப்பைக் கழற்றுவது? என் கண்ணீரைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டேன், அவர் மறுபடியும் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டுத் தராசைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

ராத்திரி ஊருக்குப் போன் போட்டு அக்காவிடம் மர்ஃபியைப் பற்றி விசாரித்தேன். தாத்தா போன மறு வருஷமே பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டாயிற்றாம். ஏரியல் கம்பி மட்டும் இன்னும் இருக்கிறது. அதில்தான் துணி காயப்போடுகிறாள்.