மஞ்சள் விளக்கை அணைக்காதீர்கள்

முள்ளோடையிலும் கன்னியக்கோயிலிலும் உள்ள பெட்ரோல் பங்குகளில் தென்பெண்ணையாற்றைத் தாண்டி வரும் கடலூர் வண்டிகளுக்குக் குறைவே இல்லை. தமிழ்நாட்டைவிட இங்கே புதுச்சேரியில் விலை குறைவு என்பதால் வருகிறார்கள். சனி, ஞாயிறுகளில் அதே வரிசையில் ஐம்பது லட்சம், ஒரு கோடி விலை போன கார்களையும் பார்க்கலாம். அவற்றில் பலவற்றுக்கு நம் பி.ஒய். நம்பர் இருக்கும். ஓட்டி வருபவருக்குப் பாகூர் எங்கே, வில்லியனூர் எங்கே என்று தெரியாமல்கூட இருக்கலாம்.

காரணம் வரி. ஒரு கோடி ரூபாய் காருக்குக் கேரளாவில் சாலை வரி ஏறத்தாழ இருபது லட்சம் வந்த காலத்தில், புதுச்சேரியில் ஒன்றிரண்டு லட்சத்தில் காரியம் முடிந்தது. வெளி மாநிலத்தார் இங்கே ஏதோ ஒரு வீட்டு முகவரியைக் காட்டிக் கார்களைப் பதிந்த விவகாரம் 2017-ல் வெடித்தது. நடிகர்கள் வரை வழக்கு போனது. அந்த வழக்குகளைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அப்படிப் பதிந்து ஏழெட்டு ஆண்டு ஓடிய வேகக் கார்கள் இரண்டாம் கை, மூன்றாம் கையாக விலை இறங்கி பாகூர், வில்லியனூர் போன்ற நம் கொம்யூன்களுக்கே வந்து சேர்கின்றன. நெல் விற்ற பணமும் சென்னைச் சம்பளமும் சேர்த்து வாங்கிய பிள்ளைகளின் வாசலில் அவை நிற்கின்றன. என் கவலை அந்த வண்டிகளின் புகைக்குழாயில் இருக்கும் ஒரு கட்டைவிரல் அளவுப் பொருளைப் பற்றியது.

வில்லியனூர் பட்டறை ஒன்றில் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஜெர்மன் டர்போ செடான் ஒன்று லிஃப்ட்டில் ஏறியிருந்தது. வாங்கி மூன்று மாதம் ஆகாத வண்டி. மீட்டர் பக்கத்தில் செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மஞ்சளாக எரிகிறது என்று பையன் கொண்டு வந்திருந்தான்.

“அண்ணே, அந்த லைட்டு மட்டும் எரியாம பண்ணிக் குடுத்துடுங்க” என்றான்.

“லைட்ட அணைக்கறது அஞ்சு நிமிஷ வேலை தம்பி. அது ஏன் எரியுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன், நில்லு” என்றார் மெக்கானிக்.

ஸ்கேனரைச் செருகினார். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவு என்று சொல்லும் பி 0420 பிழைக் கோடு வந்தது. அடியில் போய் 22-ம் எண் ஸ்பேனரில் பின்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றினார். சென்சார் நேராகக் குழாயில் முறுக்கப்பட்டிருக்கவில்லை. இடையில் இரண்டு அங்குல நீள இரும்புக் குழல் ஒன்று இருந்தது. ஸ்பேசர். சென்சாரைப் புகையின் ஓட்டத்திலிருந்து தள்ளி வைத்து ஏமாற்றுவதற்கென்றே கடைந்த துண்டு. பிறகு டார்ச் அடித்துக் குழாய்க்குள் காட்டினார். தேன்கூடு போன்ற பீங்கான் அடுக்கு தெரிய வேண்டிய இடத்தில் வெறும் குழாய். முன்பு வைத்திருந்தவர் கன்வெர்ட்டரை வெட்டி எடுத்துவிட்டு, சென்சார் காட்டிக் கொடுக்காமல் இருக்க ஸ்பேசரை வைத்து விற்றிருக்கிறார். அந்த ஸ்பேசரையும் மீறித்தான் சென்சார் உண்மையைச் சொல்லியிருக்கிறது.

அந்தச் சென்சாரின் முனையில் ஓட்டைகள் போட்ட உலோகக் குல்லா. அதற்குள் பிளாட்டினம் பூசிய சிர்கோனியா பீங்கான். வால் பக்கம் நான்கு ஒயர். வெள்ளை இரண்டும் ஹீட்டருக்கு, கறுப்பும் சாம்பலும் சேதி சொல்ல. ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அந்தப் பீங்கான் வேலை செய்யும். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரண்டிலும் உள்ள ஆக்சிஜனின் வித்தியாசம் மின்னழுத்தமாக வெளிவரும். பெட்ரோல் அதிகமாகிப் புகையில் ஆக்சிஜன் வற்றினால் 0.9 வோல்ட் பக்கம் ஏறும், காற்று அதிகமானால் 0.1 பக்கம் இறங்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கைச் சுற்றியே இன்ஜினை நிறுத்தி வைக்க, கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி இந்தச் சேதியைக் கேட்டு எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிறது. இப்போது பங்கில் கிடைக்கும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தக் கணக்கே மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கண்டு சொல்வதும் இதே சென்சார்தான்.

1976-ல் கலிபோர்னியாவில் விற்ற வோல்வோ காரில் பாஷ் நிறுவனம் முதன்முதலில் இதைப் பொருத்தியது. நம் நாட்டுக்கு வரத் தாமதமானதற்குப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயமும் ஒரு காரணம். ஈயம் பட்டால் சென்சாரும் கெடும், கன்வெர்ட்டரும் கெடும். 1995-ல் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோலும் கன்வெர்ட்டரும் வந்தன. 2000-ல் நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது. நம் குழந்தைகளின் ரத்தத்துக்குக் கிடைத்த பெரிய நிம்மதி அது. நம் வண்டிகளுக்கு இந்தச் சென்சார் வர வழிவிட்டதும் அதுதான் என்று சொல்லலாம்.

முன்பக்கச் சென்சார் இன்ஜினுக்குச் சேதி சொல்கிறது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பதோ ஊருக்காக நிற்கிறது. முன்னால் உள்ளது ஏறி இறங்கி ஆடும். கன்வெர்ட்டர் நல்ல நிலையில் இருந்தால் பின்னால் உள்ளது ஆடாமல் நிற்கும். இரண்டும் ஒரே தாளத்தில் ஆட ஆரம்பித்தால் கன்வெர்ட்டர் செத்துவிட்டது, அல்லது அங்கே இல்லவே இல்லை என்று பொருள். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அதனால் எந்த வித்தியாசமும் தெரியாது. பின்னால் டிவிஎஸ்ஸில் வருபவருக்கும், மங்கலம் சாலை ஓரமாக நடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும்தான் வித்தியாசம். ஒரு காரில் இருக்கும் அத்தனை உறுப்பிலும் வெளியில் இருப்பவருக்காக வைத்தது இது. அதனால்தான் அதை ஊமையாக்குவதை என்னால் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வேகக் கார்களில் இந்தச் சென்சார்கள் அதிகம். வி-8, வி-12 இன்ஜின் என்றால் சிலிண்டர் வரிசை இரண்டுக்கும் தனித்தனிக் கன்வெர்ட்டர், தனித்தனியாக முன்னும் பின்னும் சென்சார். முன்னால் இருப்பது பெரும்பாலும் வைட்பேண்ட் வகை. அதிகம், குறைவு என்று மட்டும் சொல்லாமல் எவ்வளவு என்றும் அளந்து சொல்லும். மிதி முழுக்க அழுத்தும்போது டர்போவும் வால்வும் கருகாமல் இருக்கக் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக் குளிரவைக்கும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் இன்ஜினின் ஆயுள் இருக்கிறது.

கன்வெர்ட்டர் பவரைத் தின்கிறது, சென்சார் இடைஞ்சல் செய்கிறது என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்கிறேன். ரீமேப் என்று கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது, டவுன்பைப் என்று டர்போவுக்குப் பின்னால் உள்ள புகைக்குழாயை மாற்றுவது என்று ஒரு தனி உலகம் அது. அடைப்புக் குறைந்தால் டர்போ சற்று முன்னதாகச் சுழலும் என்பது உண்மை. ஆனால் பவரின் பெரும்பங்கு ரீமேப்பில் வருகிறது. கன்வெர்ட்டரை அடியோடு எடுப்பதால் கூடுவதில் சத்தம்தான் அதிகம். ஸ்ரீபெரும்புதூர் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு இன்ஜினைத் தயார் செய்பவர் சென்சாரைக் கழற்றி எறிவதில்லை. வைட்பேண்ட் சென்சாரை வைத்து, அதன் எண்ணைப் பார்த்துத்தான் டியூன் செய்வார். வேகத்தை நேசிப்பவருக்கு அது பகையே இல்லை. 

பாகூரில் இருப்பவர்கள் இதைக் கூடுதலாக யோசிக்க வேண்டும். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்தால் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றிலும் பத்தில் ஒன்பது பங்கு குழாய்க்குள்ளேயே தீர்ந்துவிடும். தீராமல் வெளியே வந்தால், பின் இரண்டும் வெயிலில் சேர்ந்து தரையோர ஓசோனாக மாறும். அது நுரையீரலைக் கெடுப்பதோடு, இலைத் துளை வழியாகப் புகுந்து நெல்லின் விளைச்சலையும் குறைக்கும். புதுவைக்கே நெற்களஞ்சியம் என்று சொல்லும் ஏரிப் பாசன ஊரின் பக்கமாக விழுப்புரம் நாகப்பட்டினம் நால்வழிச்சாலை போகிறது. அதில் ஓடும் வண்டிகள் எதைக் கக்குகின்றன என்பது உழவர் கேட்க வேண்டிய கேள்வி.

இந்த ஏமாற்று தனி ஆட்களோடு நிற்பதில்லை, பெரிய நிறுவனமும் செய்திருக்கிறது. சென்னையிலிருந்து அமெரிக்கா போன அரவிந்த் திருவேங்கடமும், பெங்களூரு ஹேமந்த் கப்பண்ணாவும், மார்க் பெஷ்ஷும் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் புகை அளக்கும் மையத்தில் இருந்தார்கள். 2013-ல் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களின் டிக்கியில் அளவிடும் கருவிகளையும், அவற்றுக்கு மின்சாரம் தர ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு சாலையிலேயே ஓட்டி அளந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில் வரை ஒரு கார் போனது. சோதனைக் கூடத்தில் சுத்தமாக இருந்த ஜெட்டா, சாலையில் விதியைப்போல 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு கக்கியது. சோதனை நடக்கிறது என்று கண்டுபிடித்து அப்போது மட்டும் ஒழுங்காக இருக்கும் மென்பொருள் உள்ளே இருந்தது 2015 செப்டம்பரில் வெளிவந்தது. உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள் சிக்கின. இந்தியாவில் 3,23,700 வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரி செய்வதாக நிறுவனம் அறிவித்தது. இங்குள்ள விதிகளை மீறவில்லை என்பது அதன் நிலைப்பாடு. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதை வசூலிப்பதற்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. சின்னக் கையில் ஒரு கருவியும் பொறுமையும் இருந்தால் பெரிய பொய்யைப் பிடித்துவிடலாம் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் காட்டினார்கள். 2023 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 புகை விதியின் இரண்டாம் கட்டத்தில் அப்படிச் சாலையிலேயே அளக்கும் சோதனை இங்கும் கட்டாயமானது.

ஆனால் அந்தக் கெடுபிடி புதுக் காருக்கு. பழைய காருக்கு நம்மிடம் இருப்பது பியூசி என்ற புகைச் சான்று. குழாயில் கம்பியை விட்டு, நின்ற நிலையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. பிஎஸ் 4, பிஎஸ் 6 பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. முறையாகச் சோதித்தால் கன்வெர்ட்டர் இல்லாத வண்டி பெரும்பாலும் அதிலேயே மாட்டும். சான்று இல்லாவிட்டால் 2019 திருத்தச் சட்டப்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சான்றின் தரம் என்ன என்பதுதான் பிரச்சினை. புகை வரம்பைத் தாண்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு டெல்லியில் சான்று கொடுத்தார்கள் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையே சொல்லிற்று. நம் பக்கத்திலும் வண்டியின் போட்டோவை மட்டும் எடுத்துச் சான்று நீட்டும் இடங்களைப் பார்க்காதவர் குறைவு.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஸ்கேனரைச் செருகும் ஓபிடி துளை எல்லாப் புதுக் கார்களிலும் இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய் ஸ்கேனர் போதும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் புகைச் சோதனையை அந்தத் துளை வழியாகவே செய்கின்றன. நம் பியூசியில் அதைத் தொடுவதே கிடையாது. மத்திய விதி மாறும் வரை காத்திருக்கவும் வேண்டாம். பி.ஒய். நம்பர் விலையுயர்ந்த கார் ஒன்று நம் ஊருக்குள்ளேயே கை மாறும்போது பெயர் மாற்ற விண்ணப்பம் நம் போக்குவரத்து அலுவலகத்துக்குத்தான் வரும். அன்று இன்ஸ்பெக்டர் ஸ்கேனரைச் செருகிப் பார்க்கட்டும், லிஃப்ட்டில் ஏற்றிக் கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கட்டும். வரியைக் குறைத்து இந்தக் கார்களுக்கு எண் கொடுத்தது நாம். அவற்றின் புகைக்கும் நமக்குப் பொறுப்பு உண்டு.

காலையில் பிழைக் கோடை அழித்துவிட்டு மத்தியானம் வருவார்களே என்று கேட்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. பிழைக் கோடை அழித்தால் கன்வெர்ட்டர், சென்சார் ஒவ்வொன்றுக்கும் உள்ள சுயசோதனைப் பதிவுகளும் கூடவே அழியும். வண்டி பல தடவை நன்றாக ஓடிச் சூடானால்தான் அவை மறுபடி நிரம்பும். அதுவரை ஸ்கேனர் திரையில் ‘முடியவில்லை’ என்று காட்டிக்கொண்டிருக்கும். அப்படிக் காட்டும் வண்டியைப் பெயர் மாற்றிக் கொடுக்காமல் திருப்பி அனுப்பி, பத்து நாள் கழித்து வரச் சொல்லலாம்.