அஞ்சு மில்லிமீட்டர்

வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்து, "லீஸ்ட் கவுண்ட் எவ்வளவுப்பா?" என்று வைவாவில் கேட்டபோது, மார்க்குக்காக மட்டும் பதில் சொன்னவன் நான். அந்தக் கேள்வி என் பெரியப்பாவின் வயிற்றுக்குள் வந்து நிற்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

சிறுநீரகக் கல்லுக்காக சி.டி. ஸ்கேன் எடுக்கப் போனவருக்கு, கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு நீர்க்கட்டி இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. 22 மில்லிமீட்டர். வலி இல்லை, ஒண்ணும் இல்லை. அடுத்த வருஷம் வேறொரு சென்டரில் எடுத்தபோது 27. "அஞ்சு மில்லி வளர்ந்திருச்சு, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார்கள். சின்ன ஆபரேஷனா? கணையத்தின் தலையோடு முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தில் ஒரு பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி இணைக்கிற விப்பிள் ஆபரேஷன். வீட்டில் அன்று ராத்திரி யாரும் சாப்பிடவில்லை.

ஸ்கேன் எடுத்தால் புற்றுநோயா இல்லையா என்று தெரிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லீங்க. படம் தீர்ப்புச் சொல்வதில்லை, அடையாளங்களைத்தான் காட்டுகிறது. தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகளாக, தெளிநீரோடு இருக்கும் கட்டி புற்றாக மாறுவது மிக அபூர்வம். சளி போன்ற நீர் சுரக்கும் வகைதான் கவனிக்க வேண்டியது. அதிலும் எல்லாம் புற்றாகி விடுவதில்லை. கணையத்தின் முக்கிய நாளம் 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்திருக்கிறதா, உள்சுவரில் 5 மி.மீ. அல்லது அதைவிடப் பெரிய முடிச்சு உண்டா என்று பார்ப்பார்கள். முடிச்சு மாதிரி தெரிவது வெறும் சளித் திரளாகவும் இருக்கலாம். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றினால், ரத்த ஓட்டம் உள்ள முடிச்சு பளிச்சென்று ஒளிரும், சளி ஒளிராது. எவ்வளவு அழகான டெஸ்ட் பாருங்கள்!

அடுத்தது வளர்ச்சி. 2024-ல் வெளியான கியோட்டோ வழிகாட்டு நெறிகளின்படி, வருஷத்துக்கு 2.5 மி.மீ. வளர்ந்தாலே அது கவலைக்குரிய அறிகுறி. இங்கேதான் எனக்கு வைவா ஞாபகம் வந்தது. ஒரு ஸ்லைஸே 5 மி.மீ. தடிமன் என்றால், 2.5 மி.மீ. வித்தியாசத்தை எப்படி நம்புவது? முதல் ஆள் குறுக்கே அளந்து, இரண்டாம் ஆள் நீளவாக்கில் அளந்திருந்தால்?

அதேதான் நடந்திருந்தது! இன்னொரு டாக்டர், "பழைய படம் எங்கே?" என்று கேட்டார். கிளி விரட்டக் கொய்யா மரத்தில் கட்டுவதற்குப் பெரியம்மா எடுத்து வைத்திருந்த குறுந்தகட்டை வாங்கிக்கொண்டு ஓடினேன். அதில் நீளவாக்கில் அளந்தால் போன வருஷமே 26! கட்டி வளரவில்லை, அளந்த திசைதான் மாறியிருக்கிறது. கான்ட்ராஸ்ட்டோடு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முடிச்சு இல்லை, நாளம் 3 மி.மீ. "கத்தி வேண்டாம், கண்காணிப்போம்" என்றார் டாக்டர்.

இதைத் தலைவிதி என்று விட எனக்கு மனசில்லை. எந்த மிஷின், ஸ்லைஸ் தடிமன் எவ்வளவு, எந்த அச்சில் அளந்தது என்று ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் எழுதியே ஆக வேண்டும். முழுப் படமும் கேட்காமலே நோயாளி கைக்கு வர வேண்டும். "இனி கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிடும்டா" என்கிறான் என் ரூம்மேட். சொல்லட்டும். நாலு மிஷினில் நாலு விதமாக எடுத்த படத்தைக் கொடுத்தால் அது மட்டும் என்ன செய்யும்?

டாக்டர்கள் விஷயத்தில் டிப்ளமோக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 1971-ல் லண்டனில் முதல் நோயாளியைப் படமெடுத்த சி.டி. ஸ்கேனரை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு, பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவரல்ல. ஃபாரடே ஹவுஸில் மின் பொறியியல் டிப்ளமோ! 1979-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த மிஷின்களை நாளைக்கு சர்வீஸ் பண்ணப் போவதும், கேலிப்ரேஷன் ஷீட்டில் கையெழுத்துப் போடப் போவதும் நம்மில் சிலர்தான்.

பெரியப்பாவுக்கு அடுத்த எம்.ஆர்.ஐ. ஐப்பசியில். அதே சென்டர், அதே மிஷின். குறுந்தகடு இப்போது சாமி அலமாரியில், நிலப் பத்திரத்துக்கு மேலே இருக்கிறது.