முகவரி தரும் மறுவாழ்வு

தமிழ்நாடு விரைவுத் தொடர்வண்டியில் வந்து புதுதில்லி நிலையத்தில் இறங்குவோர், மேம்பாலத்தின் கீழும் நடைபாதையிலும் உறங்கும் மனிதர்களைக் கண்டிருப்பர். அவர்களுள் சிலர் போதைக்கு அடிமையானவர்கள். "இவர்களே தேடிக்கொண்ட கேடு இது" என்று கூறி விலகிச் செல்வது எளிது. ஆயினும், அக்கூற்று முழு உண்மையன்று.

போதைக்கு அடிமையாதலை உலக நலவாழ்வு நிறுவனம் நோய்களின் வரிசையில் சேர்த்துள்ளது. போதை பலரை வீடற்றவர் ஆக்குகிறது. பசியையும் குளிரையும் மறப்பதற்காக வீடற்றோர் போதையை நாடுகின்றனர். ஒன்றையொன்று வளர்க்கும் இச்சுழலைத் தண்டனையால் மட்டும் அறுக்க இயலாது.

மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்தாள். அதனை ஒத்த முயற்சி தில்லியிலும் நிகழ்ந்தது. வடக்குத் தில்லியில் காவல் அதிகாரியாக விளங்கிய கிரண் பேடி, குற்றங்கள் பலவற்றுக்குப் போதைப் பழக்கமே வேர் என உணர்ந்தார். 1987இல் அவரும் உடன் பணியாற்றிய காவலரும் 'நவஜோதி' என்னும் அமைப்பை நிறுவிப் போதை மீட்பு மருத்துவத்திற்கு வழிசெய்தனர். சிறைப்படுத்தும் கைகளே பிணி தீர்க்கவும் முன்வந்தன.

எனினும், மருத்துவம் முதற்படியே. நலம் பெற்றவர் மீண்டும் அதே நடைபாதைக்குத் திரும்பினால், பழைய பழக்கம் அவரைப் பற்றிக்கொள்ளும். பெருநகரங்களில் ஓர் இலட்சம் மக்களுக்கு ஓர் உறைவிடம் வேண்டும் என்று 2010இல் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. தில்லி மக்கள் 'ரைன் பசேரா' என்றழைக்கும் அவ்விடங்கள் இரவுக்குக் கூரை தருகின்றன. பகலுக்குத் தொழில் வேண்டாவா? முகவரி இல்லாதவர் அடையாள அட்டை பெறுவதும் அரிது. வேலை பெறுவதும் அரிது.

தெருவிலிருந்து எழுவதற்கு எவை தேவை என்பதை விக்கி ராய் என்பவரின் வாழ்க்கை காட்டும். அது போதையின் கதையன்று, வீடின்மையின் கதை. மேற்கு வங்கத்தின் புருலியாவிலிருந்து சிறுவனாக ஓடிவந்த அவர், புதுதில்லி நிலையத்தில் குப்பை பொறுக்கிப் பிழைத்தார். சலாம் பாலக் அறக்கட்டளை அவருக்கு இருப்பிடமும் கல்வியும் அளித்தது. நிழற்படக் கலையைப் பயின்ற அவர், 2007இல் தம் முதற்கண்காட்சியை நடத்தினார்.

ஆகவே, போதையிலிருந்து மீண்டவருக்கு அறிவுரை மட்டும் போதாது. தங்க ஓர் இடம், செய்ய ஒரு தொழில், பெயர் சொல்லி அழைக்கும் அண்டை அயலார் ஆகியவையும் வேண்டும். இவற்றை அளிப்பது இரக்கம் மட்டுமன்று, சமுதாயத்தின் கடமையுமாகும்.