தோற்றவர் யார்? சம்பாதித்தவர் யார்?

2025 மே 25ஆம் தேதி ஆமதாபாத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 230 ரன் குவித்து, குஜராத் அணியை 83 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தியது. பிரமாதமான வெற்றிதான். ஆனால் என்ன பிரயோஜனம்? வெள்ளம் வடிந்த பிறகு அணை கட்டிய கதை. அந்த வருஷம் ஆடிய ஆட்டங்கள் 14, வென்றவை 4, தோற்றவை 10. பத்து அணிகளில் பத்தாவது இடம். ராஜஸ்தான் அணிக்கும் அதே 8 புள்ளிகள்தான். ரன் விகிதக் கணக்கில் சென்னை அதற்கும் கீழே போய்விட்டது. 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து முறை கோப்பை வாங்கிய அணி இது. 2008இல் ஐ.பி.எல். பந்தயம் தொடங்கிய நாளிலிருந்து அதுவரை கடைசி இடத்தை அது கண்டதேயில்லை.

நெய்வேலியில் இது சின்ன விஷயமல்ல. ஷிப்டு முடிந்து வரும் சுரங்கத் தொழிலாளியும், சொசைட்டியில் இருக்கும் காண்டிராக்ட் தொழிலாளியும், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கூலி வேலைக்கு வரும் வாலிபர்களும் மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் கூடினால் அந்த ஏப்ரல், மே மாதங்களில் பேச்சு இதுதான். "முதலாளிகளின் பந்தாட்டம் நமக்கெதற்கு?" என்று முகம் சுளிக்கும் தோழர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எட்டு மணி நேரம் புழுதி குடித்தவன் இரவில் இரண்டு சிக்ஸரைப் பார்த்து விசில் அடிக்கிறான். அதில் என்ன குற்றம்? ஜனங்கள் எதை நேசிக்கிறார்களோ அதைப்பற்றி ஜனங்களோடு பேசத்தான் வேண்டும். அணி ஏன் தோற்றது, அந்தத் தோல்வியின் செலவு யார் தலையில் விழுந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. மார்ச் 23 அன்று சேப்பாக்கத்தில் மும்பை அணியை வென்றார்கள். ஆப்கானிஸ்தானத்து இளைஞர் நூர் அகமது 18 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். அதன் பிறகு சேப்பாக்கத்தில் ஒரு வெற்றிகூடக் கிடையாது. ஐந்து நாள் கழித்துப் பெங்களூர் அணி வந்து 50 ரன் வித்தியாசத்தில் ஜெயித்துப் போனது. 2008க்குப் பிறகு 17 வருஷமாக அந்த மைதானத்தில் சென்னையை ஜெயிக்காத அணி அது! அடுத்து டெல்லி வந்தது. 2010க்குப் பிறகு முதல் தடவையாக அங்கே சென்னையை வென்றது. ஏப்ரல் 11 அன்று கொல்கத்தா வந்தது. சென்னை 20 ஓவரில் 9 விக்கெட் இழந்து 103 ரன்தான் எடுக்க முடிந்தது. வந்தவர்கள் அதைப் பதினோராவது ஓவரின் முதல் பந்திலேயே முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஐதராபாத் அணி சேப்பாக்கத்தில் சென்னையை வென்றதேயில்லை என்ற சரித்திரமும் ஏப்ரல் 25 அன்று முடிந்தது. ஏப்ரல் 30 அன்று பஞ்சாப் அணியுடன் சாம் கர்ரன் 88 ரன் அடித்தும் பயனில்லை. சாஹல் ஒரே ஓவரில் நான்கு பேரை வெளியேற்றினார். அடுத்த சுற்று என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. கோட்டை என்று பத்திரிகைகள் பெயர் சூட்டிய மைதானத்தில் ஆறு ஆட்டம், ஐந்து தோல்வி.

அந்த மைதானத்தில் 2025இல் மிகக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாயாக இருந்தது என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். காண்டிராக்ட் தொழிலாளி ஒருவர் மகனோடு போய் உட்கார வேண்டுமென்றால் பஸ் செலவு சேர்த்து எத்தனை நாள் கூலி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தோல்வி வந்ததும் குற்றவாளியைத் தேடும் வேலை ஆரம்பமாயிற்று. முதலில் அகப்பட்டவர் தோனி. பெங்களூர் ஆட்டத்தில் ஒன்பதாவது ஆளாக வந்தார் என்று ஆத்திரம். ஆத்திரம் நியாயமானதுதான்; 197 ரன் துரத்தும்போது அது சரியான முடிவல்ல. ஆனால் மனிதருக்கு அப்போது 43 வயது. பத்து ஓவர் முழு வேகத்தில் ஓடி ஆட முழங்கால் இடம் கொடுக்காது என்று பயிற்சியாளர் பிளெமிங்கே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். போதாக்குறைக்கு, காப்டன் ருதுராஜ் முழங்கை எலும்பு முறிந்து விலகியதும் ஏப்ரல் 10 அன்று காப்டன் பொறுப்பும் அவர் தலையிலேயே வைக்கப்பட்டது.

எந்த ஆலையிலும் கன்வேயர் பெல்ட் நின்றுபோனால் முதலில் யாரைப் பிடிப்பார்கள்? பக்கத்தில் நின்ற தொழிலாளியை. தேய்ந்த உருளையை மாற்றும்படி எழுதிக் கொடுத்ததைக் கிடப்பில் போட்டவர் யார் என்று கேட்க மாட்டார்கள். கிரிக்கெட்டிலும் அதே நியாயம்தான் நடக்கிறது. மைதானத்தில் தெரிகிறவனைத் திட்டுவது சுலபம். உருளை வாங்காதவர்கள் எங்கே?

அவர்கள் 2024 நவம்பரில் ஜெட்டா நகரத்தில் ஏல மேஜையில் இருந்தார்கள். ஒவ்வோர் அணிக்கும் செலவுக்கு 120 கோடி ரூபாய் வரம்பு. ஏலத்துக்கு முன்பே ருதுராஜுக்கு 18 கோடி, ஜடேஜாவுக்கு 18, பதிரனாவுக்கு 13, சிவம் துபேக்கு 12, தோனிக்கு 4 என்று ஐந்து பேருக்கு 65 கோடி ஒதுக்கியாகிவிட்டது. மீதி 55 கோடியில் மற்ற எல்லோரையும் பிடிக்க வேண்டும். அஷ்வினை 9.75 கோடிக்கு எடுத்தார்கள்; 9 ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்தது 7 விக்கெட். நூர் அகமதுவுக்குக் கொடுத்த 10 கோடி மட்டும் வீண் போகவில்லை. 24 விக்கெட் எடுத்தார். மட்டை பிடிப்பதில் வேகமாக அடிக்கும் இளைஞர்களைத் தேடுவதற்குப் பதிலாக, பழைய பெயர்களை நம்பினார்கள்.

தோனி 4 கோடிக்குக் கிடைத்தது எப்படி? ஐந்து வருஷம் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரரை, இந்தியாவுக்கே ஆடாதவர் பட்டியலில் சேர்க்கலாம் என்று ஒரு பழைய விதி. நடுவில் எடுக்கப்பட்ட அந்த விதிக்கு இந்த ஏலத்துக்கு முன் மறுபடியும் உயிர் கொடுத்தார்கள். இரண்டு உலகக் கோப்பை வாங்கித் தந்த காப்டன் சட்டப்படி புதுமுகம்! சிரிக்காமல் என்ன செய்வது? அவர் பெயருக்காகத்தான் மஞ்சள் சட்டை விற்கிறது, விளம்பரம் வருகிறது, வெளியூர் மைதானமும் நிரம்புகிறது. ஆட்டத்துக்குத் தேவையான ஆள் யார் என்பதற்கு முன்னால், வியாபாரத்துக்குத் தேவையான ஆள் யார் என்ற கேள்வி வந்துவிட்டது.

இதற்குச் சாட்சி அந்த வருஷத்திலேயே கிடைத்தது. ஏலத்தில் யாரும் எடுக்காமல் விட்ட இருவர், காயம்பட்டவர்களுக்குப் பதிலாக நடுவில் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் 17 வயது ஆயுஷ் மாத்ரே. இன்னொருவர் தென்னாப்பிரிக்காவின் பிரெவிஸ். மே 3 அன்று பெங்களூரில் மாத்ரே 48 பந்தில் 94 ரன் விளாசினார்; இரண்டே ரன்னில் தோல்வி. இவர்கள் வந்த பிறகுதான் அணிக்கு மூச்சு வந்தது. மார்ச்சிலேயே இவர்கள் இருந்திருந்தால்?

இனி, முக்கியமான கணக்குக்கு வருவோம். கடைசி இடத்துக்குப் போனதால் அணியின் சொந்தக்காரர்களுக்கு என்ன நஷ்டம்? பெரிதாக ஒன்றுமில்லை. 2023 முதல் 2027 வரை ஐந்து வருஷம் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டிருக்கிறது. இந்தப் பணத்தில் அணிகளுக்கென்று வரும் தொகையில் பெரும்பகுதி சமமாகப் பங்கிடப்படுகிறது. முதல் இடமானாலும் கடைசி இடமானாலும் பை நிரம்பிவிடும். இங்கிலாந்தின் பெரிய கால்பந்துப் பந்தயத்தில் 20 அணிகளில் கடைசி மூன்று அணிகள் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும்; ஆகவே சொந்தக்காரனுக்கும் தூக்கம் வராது. ஜெர்மனியிலோ, சில விலக்குகள் நீங்கலாக, கிளப்பில் பெரும்பான்மை ஓட்டு உறுப்பினர்களான ரசிகர்களிடம் இருக்க வேண்டும் என்றே விதி. இங்கே தள்ளுவதும் இல்லை, ஓட்டும் இல்லை. விசில் மட்டும் நம்முடையது.

இந்த அணியை 2008இல் இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. பிறகு தனிக் கம்பெனியாகப் பிரித்தார்கள். 2024 டிசம்பரில் சிமெண்ட் கம்பெனி பிர்லாவின் அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது. தாழையூத்து சங்கர் நகரில் பிறந்த ஆலை போயிற்று. கிரிக்கெட் அணி பழைய முதலாளி குடும்பத்திடமே தங்கிற்று. எது லாபம் தரும் சொத்து என்று முதலாளிக்குத் தெரியாதா?

சூது விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2013 பந்தயத்தில் அப்போதைய முதலாளியின் மருமகன் பெட்டிங்கில் ஈடுபட்டது நிரூபணமாயிற்று என்று 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. லோதா கமிட்டி அணியை இரண்டு வருஷம் நிறுத்தி வைத்தது. 2016, 2017 இரண்டு வருஷமும் மஞ்சள் சட்டை கிடையாது. அது மேலே நடந்த சூது. கீழே நடந்தது வேறு. 2025 பந்தயம் நடந்த நாட்களில், அணியைத் தேர்ந்தெடுங்கள், பணம் வெல்லுங்கள் என்று ஓவருக்கு ஓவர் விளம்பரம். இந்திய அணியின் சட்டையிலேயே அப்படிப்பட்ட கம்பெனியின் பெயர்தான் இருந்தது. சம்பள நாளன்று செல்போன் வழியாகக் கரைந்த கூலி எவ்வளவு என்பது வீட்டிலிருக்கும் பெண்களுக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில்தான் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுத்துப் பார்லிமெண்ட் சட்டம் செய்தது. ஆட்டங்களெல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து!

தோற்ற ஊரின் நிலை இது. ஜெயித்த ஊர் என்ன ஆயிற்று? ஜூன் 3 அன்று பெங்களூர் அணி 18 வருஷத்தில் முதல் முறையாகக் கோப்பை வாங்கியது. மறுநாளே சின்னசாமி மைதானத்தின் வாசலில் நெரிசல். 11 பேர் இறந்தார்கள். கோப்பையைப் பார்க்க வந்த சாதாரண ஜனங்கள் அவர்கள்.

இன்னொரு கேள்வி என்னை விடவில்லை. இது தமிழ்நாட்டின் அணி என்கிறோம். 2025இல் மஞ்சள் சட்டையோடு களத்தில் இறங்கிய தமிழ்நாட்டுக்காரர்கள் அஷ்வினும் விஜய் சங்கரும் மட்டுமே. அதே வருஷம் ஐ.பி.எல். முழுவதிலும் அதிக ரன் எடுத்தவர் யார்? சென்னைப் பையன் சாய் சுதர்சன், 759 ரன். ஆடியது குஜராத்துக்கு. அதே குஜராத்துக்கு நம்முடைய சாய் கிஷோர் 19 விக்கெட் எடுத்தார். வருண் சக்ரவர்த்தி கொல்கத்தாவில். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் நெசவுக் கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்து இந்தியாவுக்கு ஆடிய நடராஜன் மஞ்சள் சட்டை போட்டதேயில்லை. அந்த நடராஜன் 2023இல் தன் சொந்த ஊரில் கிரிக்கெட் மைதானம் ஒன்றை அமைத்தார். ஒரு தொழிலாளியின் மகன் தன் சம்பாத்தியத்தில் செய்ததைக் கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் கம்பெனிகள் மாவட்டத்துக்கு ஒன்றாகச் செய்தால் குடியா முழுகிவிடும்? நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் பாரதி விளையாட்டரங்கு இருக்கிறது. வேலிக்கு வெளியே உள்ள கிராமத்துப் பிள்ளைகள் அறுவடையான வயலில் ஸ்டம்பு நட்டு ஆடுகிறார்கள். உழவு தொடங்கினால் ஆட்டம் நின்றுவிடும்.

தோல்விக்குப் பிறகு நிர்வாகம் என்ன செய்தது? 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கர்ரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டியிருந்தபோது ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவர் இந்த ஜடேஜாதான். கைமாறியபோது அவருடைய 18 கோடி 14 கோடியாகக் குறைந்தது. கோடிகளில் புரள்கிறவருக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் டிசம்பரில் அபுதாபியில் அடுத்த ஏலம் நடந்தபோது, சென்னை அணியின் பயிற்சியாளரும் அதே ஆள், தலைமை அதிகாரியும் அதே ஆள்.