முதல் மணிக்கு முன் ஒரு பேருந்து

முகையூரில் பிளஸ் டூ முடித்தவளுக்குக் கல்லூரி என்றால் திருக்கோவிலூர், இல்லையேல் விழுப்புரம். நான் விழுப்புரம் போனேன், பி.ஏ. வரலாறு. கரும்பு வெட்டும் அப்பா, "டீச்சர் ஆவுறியோ இல்லியோ, எங்கள மாதிரி ஆவாத" என்று அனுப்பினார். நிரம்பி வழிந்த காலைப் பேருந்து எங்கள் நிறுத்தத்தில் நிற்காது. அடுத்ததில் போய்ச் சேர்ந்தால் முதல் பாடவேளை முடிந்திருக்கும். பிரெஞ்சுப் புரட்சியில் பாதி எனக்குத் தோழியின் நோட்டு வழியாகத்தான் தெரியும். 75 சதவீத வருகைப்பதிவுக்கு இந்தக் கதையெல்லாம் புரியாது. இப்போது தங்கச்சிக்கும் அதே பாடு.

2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. குறைசொல்ல மாட்டேன், எங்கள் தெருவிலேயே சில கல்யாணப் பேச்சுகள் அதனால் தள்ளிப்போயின. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் பேருந்து நேரத்துக்கு வந்து நிற்க வேண்டுமே! கால அட்டவணை போடுகிறவர்கள் மணி எப்போது அடிக்கிறது என்று கல்லூரி முதல்வரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

மாலையில் வேறு தொல்லை. ஒற்றை அறை வீட்டில் டிவி ஓடும்போது எங்கே படிப்பது? 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டினார்கள். பூட்டிக் கிடப்பவற்றை மாலை ஆறு முதல் ஒன்பது வரை திறக்கலாம். சாவியை, பட்டம் வாங்கி வேலையில்லாமல் இருக்கும் உள்ளூர்ப் பிள்ளையிடம் கொடுங்கள், சம்பளத்தோடு.