புதிய ஏற்பாட்டின் மூலம் எபிரெயமா?

புதிய ஏற்பாடு முதன்முதலில் எபிரெயத்திலோ அரமேயத்திலோதான் எழுதப்பட்டது. ரோமச் சபை அந்த மூலத்தை ஒழித்துக்கட்டிவிட்டு, கிரேக்கத்தில் தன் இஷ்டப்படி எழுதிவைத்தது. அந்தக் கிரேக்கம் ஆங்கிலமாகி, ஆங்கிலம் தமிழாகி நம் கைக்கு வந்திருக்கிறது. நசரத்பேட்டை, பூந்தமல்லி பக்கத்து வீட்டு ஜெபக்கூட்டங்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் போதனை இது. யூடியூபில் கேட்டதை வாட்ஸ்அப்பில் அனுப்ப, அது வீடு வீடாகப் போய்ச் சேர்கிறது. கேட்டவர்கள் என்ன செய்கிறார்கள்? பல வருடம் தினமும் வாசித்த வேதாகமத்தைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். "மூல பாஷை எனக்குத் தெரியும்" என்று சொல்லும் ஒருவரின் வாயையே நம்பி உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால்தான் இதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், இந்தப் போதனையில் உண்மையான பங்கை ஒப்புக்கொள்வோம். பழைய ஏற்பாட்டின் மூலம் எபிரெயம். எஸ்றாவிலும் தானியேலிலும் சில அதிகாரங்கள், எரேமியா 10:11 ஆகியவை அரமேயம். இது யாரும் மறைத்துவைத்த ரகசியம் அல்ல. 1947இல் சவக்கடல் ஓரம் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் 7 மீட்டருக்கு மேல் நீளம், கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதுவரை நமக்குக் கிடைத்திருந்த முழு எபிரெயப் பிரதிகளில் பழையது கி.பி. 1008இல் எழுதிய லெனின்கிராட் பிரதி. இரண்டுக்கும் நடுவே ஆயிரம் வருடத்துக்கு மேல் இடைவெளி இருந்தும், எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளும் சில சொல் வேறுபாடுகளும் போக ஏசாயா அதே ஏசாயாதான். பழைய ஏற்பாட்டுக்கு இப்படிப் பிரதியை மேசைமேல் வைத்துப் பேச முடிகிறது. புதிய ஏற்பாட்டுக்கும் அதே மாதிரி ஒரு எபிரெயப் பிரதியைக் காட்டுங்கள் என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை.

"இயேசு பேசியது அரமேயம், அப்படியானால் சுவிசேஷமும் அரமேயத்தில்தானே இருந்திருக்கும்" என்பார்கள். அவர் அரமேயம் பேசியது உண்மை. ஆனால் மாற்கு சுவிசேஷத்தைத் திறந்து பாருங்கள். யவீருவின் மகளை எழுப்பும் இடத்தில் 'தலீத்தாகூமி', செவிடனைக் குணமாக்கும் இடத்தில் 'எப்பத்தா', சிலுவையில் 'எலோயீ' என்ற கதறல். ஒவ்வொன்றையும் அரமேயத்திலேயே சொல்லிவிட்டு, உடனே அதற்கு அர்த்தமும் சொல்கிறார் மாற்கு. அரமேயம் தெரிந்தவர்களுக்கு அரமேயத்தில் எழுதுகிறவர் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. அவர் எழுதியது அந்தப் பாஷை தெரியாத வாசகர்களுக்கு.

இதே இடங்களை, 'அரமேய மூலம்' என்று இவர்கள் காட்டும் பெஷீத்தாவில் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பெஷீத்தா என்பது சிரியாக் வேதாகமம். சிரியாக் அரமேயத்தின் ஒரு கிளை. சிறுமியை எழுப்பும் இடத்தில் பெஷீத்தா அந்த விளக்கத்தையே விட்டுவிடுகிறது, தேவையில்லாததால். ஆனால் சிலுவை இடத்தில் விடவில்லை. அங்கே சிரியாக்கில் ஒரு வாக்கியம், "அதாவது" என்று ஒரு சொல், மறுபடி ஏறக்குறைய அதே வாக்கியம். மூலமாக எழுதுகிற எவரும் இப்படி எழுதமாட்டார். கிரேக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தவர் கை பதிந்த இடம் அது.

பெஷீத்தாவைப் பற்றிப் பேசினால் நம் பக்கத்துக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. மவுண்ட்-பூந்தமல்லி ரோட்டில் போனால் பரங்கிமலை. அங்கே 1547இல் போர்ச்சுக்கீசியர் கண்டெடுத்த கற்சிலுவையைச் சுற்றி எழுத்து ஓடுகிறது. எபிரெயம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பாரசீகத்தின் பஹ்லவி. பாரசீகத்தோடு தொடர்புவைத்த பழைய கிறிஸ்தவர்களின் அடையாளம். கேரளத்து மார்த்தோமா கிறிஸ்தவர்களுக்கும் பாரசீகத்தின் கிழக்குச் சபையோடுதான் உறவு. அவர்கள் வாசித்த வேதம் பெஷீத்தா. இந்தச் சபை ரோமச் சக்கரவர்த்தியின் கைக்கு எட்டாத இடத்தில் வளர்ந்தது. ரோம் அழித்த அரமேய மூலம் எங்காவது தப்பியிருக்க வேண்டுமென்றால் இவர்களிடம்தான் தப்பியிருக்க வேண்டும்.

இவர்களிடம் இருந்தது என்ன? 1599இல் உதயம்பேரூர் மாமன்றத்தில் கோவாவின் கத்தோலிக்கப் பேராயர் மெனேசிஸ் கேரளத்துச் சிரியாக் வேதாகமத்தைப் பரிசோதித்தபோது, அதில் 2 பேதுரு, 2 யோவான், 3 யோவான், யூதா, வெளிப்படுத்தின விசேஷம் ஆகிய ஐந்தும் இல்லை என்று தீர்மானத்திலேயே எழுதிவைத்தார்கள். பழைய பெஷீத்தாவில் இந்த ஐந்தும் கிடையாது. அவற்றின் சிரியாக் மொழிபெயர்ப்பு பிற்பாடு வந்தது. மொத்தமும் அரமேயத்தில்தான் பிறந்தது என்றால், அரமேயத்தையே வழிபாட்டு மொழியாக வைத்திருந்த சபையிடம் வெளிப்படுத்தின விசேஷம் இல்லாமல் போனது எப்படி?

ரோம் வேதத்தில் கைவைத்தது என்ற குற்றச்சாட்டுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. கைவைத்தது உண்மைதான், உதயம்பேரூரில். இல்லாத புத்தகங்களைச் சேர்க்கச் சொன்னார்கள். 1 யோவான் 5இல் பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைப் பற்றிய வசனத்தைச் சேர்க்கச் சொன்னார்கள். விரோதமானவை என்று கருதிய சிரியாக் நூல்களைத் தீயிலும் போட்டார்கள். அது பெரிய அநியாயம்; கேரளத்துக் கிறிஸ்தவர்கள் இன்றும் அதை மறக்கவில்லை. ஆனால் பாருங்கள், அது நமக்குத் தெரிந்துவிட்டது. தீர்மானங்கள் அச்சில் இருக்கின்றன. அதற்கு முந்தைய கையெழுத்துப் பிரதிகளும் தப்பின. 1806இல் பாதிரியார் கிளாடியஸ் புக்கானன் கேரளத்துச் சிரியன் சபை ஆயரிடமிருந்து பெற்ற பழைய சிரியாக் வேதாகமம் இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஒரே கடற்கரையில், அரசாங்க பலத்தோடு செய்த திருத்தமே தடயம் விட்டுப்போகிறது. எகிப்திலிருந்து பாரசீகம் வரை எல்லாப் பிரதியையும் தடயமில்லாமல் மாற்றினார்கள் என்றால் யார், எப்போது? மான்செஸ்டரில் இருக்கும் ரைலண்ட்ஸ் பாப்பிரஸ் துண்டு சுமார் 9 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலம், இயேசு பிலாத்துவின் முன் நிற்கும் யோவான் 18இன் சில வரிகள், கிரேக்கத்தில். 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. அந்தக் காலத்தில் ரோமச் சபைக்குப் படையும் இல்லை, பதவியும் இல்லை. 303இல் கூட தியோக்ளேத்தியன் சக்கரவர்த்தி சபைகளின் வேதங்களை எரிக்கத்தான் உத்தரவிட்டான்.

"இந்தியாவிலேயே எபிரெய மத்தேயு இருந்ததே" என்பது அடுத்தது. அலெக்சாந்திரியாவின் பந்தேனுஸ் இந்தியாவுக்கு வந்தபோது, பர்த்தொலொமேயு விட்டுச்சென்ற மத்தேயு சுவிசேஷத்தை எபிரெய எழுத்தில் கண்டார் என்று சபைச் சரித்திரம் எழுதிய யூசேபியுஸ் குறிப்பிட்டிருக்கிறார். எழுதியது 4ஆம் நூற்றாண்டில், நடந்ததாகச் சொல்வது 2ஆம் நூற்றாண்டின் கடைசியில், அதுவும் "சொல்லப்படுகிறது" என்ற அளவில். தென் அரேபியாவையும் எத்தியோப்பியாவையும்கூட அன்று இந்தியா என்றார்கள். மத்தேயு எபிரெயத்தில் ஏதோ தொகுத்தார் என்று ஆதிச் சபைத் தலைவர் பாப்பியாஸ் சொன்னதும் யூசேபியுஸ் வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. அப்படி ஒரு தொகுப்பு இருந்திருக்கலாம்; அதை நான் மறுக்கவில்லை. அது மத்தேயுவுக்கு மட்டுமான சாட்சி. கொரிந்து, பிலிப்பி, தெசலோனிக்கே என்று கிரேக்கம் பேசிய பட்டணங்களுக்குப் பவுல் எழுதிய நிருபங்களுக்கு அல்ல. இன்று இணையத்தில் காட்டும் ஷெம் தோவின் எபிரெய மத்தேயு, 14ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் ஒரு யூத அறிஞர் விவாதத்துக்காகத் தன் நூலில் சேர்த்தது.

பாஷை எதுவும் தெரியாமல், தமிழ் வேதாகமத்தை மட்டும் வைத்தே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சங்கீதம் 40:6ஐயும் எபிரெயர் 10:5ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சங்கீதத்தில் திறக்கப்படுவது செவி; அதையே மேற்கோள் காட்டும் நிருபத்தில் ஆயத்தமாவது சரீரம். எபிரெயச் சங்கீதத்தில் செவிதான். சரீரம் என்பது கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் கிரேக்கத்தில் செய்த செப்துவஜிந்த் மொழிபெயர்ப்பின் வாசகம். நிருபத்தை எழுதியவர் கையில் இருந்தது கிரேக்க வேதம். அவருடைய வாதமே அந்தச் சரீரத்தின்மேல் கட்டியது. ஐந்து வசனம் தள்ளி 10ஆம் வசனத்தில் இயேசு கிறிஸ்துவின் சரீரம் பலியிடப்பட்டதைச் சொல்கிறார். பெஷீத்தாவிலும் அந்த இடத்தில் சரீரம்தான்.

கடைசியாக, ஆங்கிலம் வழியாக வந்தது என்ற பேச்சு. தரங்கம்பாடியில் 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1715இல் அச்சிட்டு முடித்த சீகன்பால்கு ஜெர்மானியர்; கிரேக்கத்திலிருந்து செய்தார். 1719இல் இறக்கும்போது பழைய ஏற்பாட்டில் ரூத் வரை எட்டியிருந்தார். மீதியை முடித்தவர் ஷூல்ஸ், அவரும் ஜெர்மானியர். பிறகு பூந்தமல்லி நெடுஞ்சாலையின் சென்னைக் கோடியில், வேப்பேரியில், பப்ரிஷியஸ் பல வருடம் உட்கார்ந்து முழுவதையும் திரும்பச் செய்தார். இன்று பெரும்பாலான புரொட்டஸ்டண்ட் சபைகளில் வாசிக்கும் 1871ஆம் வருட மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையில் அந்த வரிசையில் வந்தது. அதன் கிரேக்க அடிப்படையும் கிங் ஜேம்ஸின் அடிப்படையும் ஒரே வகை. ஒற்றுமை தெரிவது அதனால்தான். உதயம்பேரூரில் திணிக்கச் சொன்ன அந்த 1 யோவான் 5:7 நம் தமிழ் வேதத்திலும் இருக்கிறது. பழைய கிரேக்கப் பிரதிகளில் அது இல்லை. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள், அந்தக் கிரேக்கப் பிரதிகளையே ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தவர்கள்.